சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்... 355 கி.மீ. தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம்?

கோவை, மதுரை, யாழ்ப்பாணம். இந்த மூன்று ஊர்களில் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பது எது?

வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கோவை என்பார்கள், மீதிப் பேர் மதுரை என்பார்கள். யாழ்ப்பாணம் என்று சொல்பவர் அரிது. அது வேறு நாடாச்சே, கடல் தாண்டிப் போக வேண்டுமே என்பதுதான் முதலில் மனதில் ஓடும்.

ஆனால், சரியான விடை யாழ்ப்பாணம்தான். வானில் நேர்கோடு போட்டு அளந்தால், சென்னை - கோவை சுமார் 405 கி.மீ. சென்னை - மதுரை சுமார் 415 கி.மீ. சென்னை - யாழ்ப்பாணம் வெறும் 355 கி.மீ.!

சரி, தூரம் குறைவு. நேரம்? அங்கேதான் கதையே இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை பூமி முடிவு செய்கிறது. போய்ச் சேரும் நேரத்தை விமானம், ஓடுபாதை, வானிலை, குடியுரிமைச் சோதனை, அரசியல் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. ‘தூரமும் நேரமும்’ பகுதியில் இந்த வாரம் மீனம்பாக்கம் டு பலாலி.

ஒரு காகிதம், ஒரு பேனா போதும்!

விமான தூரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகை ஞாபகம் இருந்தால் போதும்.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. அதை 360 டிகிரியால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வருகிறது. அதாவது, நேர் வடக்கிலோ நேர் தெற்கிலோ ஒரு டிகிரி நகர்ந்தால் 111 கி.மீ. நகர்ந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99 டிகிரியில் இருக்கிறது. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம், அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் பலாலி, 9.79 டிகிரியில் இருக்கிறது. வித்தியாசம் 3.2 டிகிரி. அதை 111-ஆல் பெருக்குங்கள். 355!

கிழக்கு மேற்காக எவ்வளவு விலகல்? சென்னை 80.17 டிகிரி, பலாலி 80.07 டிகிரி. வித்தியாசம் 0.1 டிகிரிதான். அது 11 கி.மீ. மட்டும் என்பதால் மொத்தத் தூரத்தில் கணக்கிலேயே வராது. சென்னையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நேர் தெற்கே கோடு போட்டால், கிட்டத்தட்ட பலாலி ஓடுபாதையில் போய் நிற்கும்.

மதுரைக்கு அப்படி இல்லை. அட்சரேகையில் மதுரையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். மதுரை விமான நிலையம் இருப்பது 9.83 டிகிரியில். ஆனால், மதுரை போக தெற்கே 350 கி.மீ. இறங்குவதோடு, மேற்கே சுமார் 227 கி.மீ. விலகவும் வேண்டும். செங்கோண முக்கோணக் கணக்குப் போட்டால் 415-ஐத் தாண்டுகிறது. யாழ்ப்பாணம் ஜெயிப்பது இந்த மேற்கு விலகல் இல்லாததால்தான்.

தூரம் அதிகமாகும்போது இந்த எளிய கணக்கு பிசகும். பூமி உருண்டை என்பதால், சென்னை - லண்டன் போன்ற நீண்ட பயணங்களுக்கு உருண்டையின் மேல் வளைந்து போகும் கோட்டைக் கணக்கிட வேண்டும். 355 கி.மீ.க்கு அந்தக் கவலை இல்லை.

விமானிகள் கி.மீ. பேச மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் கடல் மைல்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அந்தக் கணக்கில் சென்னை - யாழ்ப்பாணம் சுமார் 191 கடல் மைல்.

43 நிமிடம் எப்படி 75 நிமிடம் ஆனது?

இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 ரக விமானம். இறக்கையின் முன்னால் விசிறி சுற்றும், 70 முதல் 78 பேர் வரை உட்காரும் சின்ன விமானம். இதன் பறக்கும் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ.

355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம்தான் வருகிறது. ஆனால், டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் கிளம்பும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும். மிச்ச அரை மணி நேரம் எங்கே போனது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல என்பதுதான் விடை. விமானம் நிற்குமிடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுக்கும் நொடியில் கணக்கு ஆரம்பிக்கிறது. போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடியும் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நொடியில்தான் முடிகிறது. நடுவில் நடக்கும் எல்லாமே அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடக்கம்.

முதலில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். சென்னை பரபரப்பான விமான நிலையம். முன்னால் இரண்டு மூன்று விமானங்கள் வரிசையில் நின்றால் அங்கேயே பத்து நிமிடம் போய்விடும்.

அடுத்தது திசை. யாழ்ப்பாணம் இருப்பது தெற்கே. சென்னையின் முக்கிய ஓடுபாதை கிடப்பதோ கிழக்கு மேற்காக. காற்றை எதிர்த்துத்தான் விமானம் எழும்ப வேண்டும் என்பதால், கடல் பக்கமாகவோ மேற்குப் பக்கமாகவோ மேலேறி, பிறகுதான் தெற்கே திரும்ப முடியும். ஆட்டோ யு-டர்ன் அடிப்பதற்கு நேரமும் தூரமும் ஆவதுபோலத்தான் இதுவும்.

மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் 500 கி.மீ. வேகம் கிடைக்காது. பலாலியின் ஓடுபாதையும் வடகிழக்கு - தென்மேற்காகக் கிடப்பதால், வடக்கிலிருந்து வரும் விமானம் வளைந்து திரும்பித்தான் அதன் நேருக்கு வர வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் 43 நிமிடம் ஒரு மணி நேரத்தைத் தொடுகிறது. சின்னச் சின்னத் தாமதங்களைச் சமாளிக்க விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. ஒன்றேகால் மணி நேரக் கணக்கு முடிந்தது.

காற்றின் பங்கு என்ன? எதிர்க்காற்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அடித்தால் 43 நிமிடம் 47 ஆகும். பின்காற்று அதே வேகத்தில் தள்ளினால் 39 ஆகும். இவ்வளவு குறுகிய தூரத்தில் காற்றால் மிஞ்சுவதும் நஷ்டமாவதும் நாலு நிமிடம்தான்.

‘ஜெட் விமானம் விட்டால் சீக்கிரம் போகலாமே?’ என்று கேட்கலாம். ஜெட் நல்ல உயரத்துக்கு ஏறினால்தான் அதன் முழு வேகத்துக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் அர்த்தம் இருக்கும். இந்தத் தூரத்தில் மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். தவிர, பெரிய ஜெட்டுக்கு நீளமான ஓடுபாதை வேண்டும். பலாலிக்கு ஏடிஆர் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாசலிலிருந்து வாசல் வரை...

பயணிக்கு உண்மையான நேரம் எது? வீட்டைப் பூட்டியதிலிருந்து, போகும் வீட்டின் கதவைத் தட்டும் வரை ஆகும் நேரம்தான்.

வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். பலாலியில் இறங்கி குடியுரிமை, சுங்கம், பெட்டி எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து யாழ்ப்பாணம் நகரம் சுமார் 17 கி.மீ. அதற்கு 40 நிமிடம். மொத்தம் ஆறே முக்கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு.

அதில் வானத்தில் நேர்கோட்டில் பறப்பது 43 நிமிடம், பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கும் வரிசையில் நிற்பது, உட்காருவது, காத்திருப்பது! வைகை எக்ஸ்பிரஸில் ஏறி மதுரை போக ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டிலிருந்து எழும்பூர் போகும் நேரத்தையும் சேர்த்தால், கடல் தாண்டி யாழ்ப்பாணம் போவதற்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆகிறது.

ஆனால், இந்த வசதி வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன.

தலைக்கு மேலே போன விமானம்

உலக வரைபடத்தை விரித்து, கொழும்புக்கு வடக்கே இருக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். நீளம் சுமார் 645 கி.மீ. அந்தக் கோடு எந்த ஊரின் மேல் போகிறது என்று பாருங்கள்.

யாழ்ப்பாணம் நகரத்தின் மேலே போகிறது! பலாலி ஓடுபாதைக்கு ஆறு கி.மீ. பக்கத்தில் கடந்து, பாக் நீரிணையைத் தாண்டி வடக்கே போகிறது.

விமானங்கள் எப்போதும் நேர்கோட்டில் பறப்பதில்லை, அவற்றுக்கென்று வான்வழித் தடங்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கோடு சொல்லும் சேதி பெரிது. பல பத்தாண்டுகளாக யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சென்னைக்குப் போக வேண்டும் என்றால் என்ன செய்தார்? சுமார் 400 கி.மீ. தெற்கே பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்குப் போனார். அங்கிருந்து விமானம் ஏறி, 645 கி.மீ. வடக்கே பறந்தார். பாதி வழியில், முந்தின நாள் தான் புறப்பட்ட ஊருக்குப் பக்கத்திலேயே கடந்து போனார்.

355 கி.மீ. போக வேண்டிய இடத்துக்கு 1,000 கி.மீ.க்கு மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது இதுதான்.

இரவு பஸ்ஸில் எட்டு முதல் பத்து மணி நேரம். பிறகு விமான நிலையத்தில் காத்திருப்பு, பறப்பு, மறுபடி வரிசை. காலையில் ஒரு செய்தி கேட்டுப் புறப்படுபவர் சென்னையில் கால் வைக்க மறுநாள் மதியமாவது ஆகும். மருத்துவமனைக்குப் போகிறவருக்கு அது உடம்பு வலி, கல்யாணத்துக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வீண், அவ்வளவுதான். சாவுக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த ஒரு நாள் உயிர்போகிற விஷயம்.

“வரும்வரைக்கும் எடுத்துப்போடாதேங்கோ...”

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. திருச்சி விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டிலும் ஒன்று இருக்கிறது. முகாமுக்கு வெளியே வீடெடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களும் உண்டு. 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் ஏராளம்.

அப்படி ஒரு குடும்பத்தை மனதில் நிறுத்திப் பாருங்கள். திருச்சியில் அம்மா தவறிவிட்டார். மகள் பக்கத்தில் இருக்கிறார். மகன் சாவகச்சேரிப் பக்கம். விடியற்காலை போன் அடிக்கிறது.

“தம்பி... அம்மா போயிட்டா.”

“அக்கா, நான் இப்பவே வெளிக்கிடுறன். நான் வரும்வரைக்கும் அம்மாவை எடுத்துப்போடாதேங்கோ.”

யாழ்ப்பாணத்தில் ‘செத்தவீடு’ என்பார்கள். செத்தவீட்டில் கேட்கும் முதல் கேள்வி, ‘ஆர் ஆர் வரவேணும், எப்ப வருவினம்?’ என்பதுதான். நம்மூரில் ‘எப்போ எடுக்கிறாங்க?’ என்று கேட்பதும் அதே கேள்விதான். வர வேண்டியவரின் பயண நேரத்தை வைத்துத்தான் எடுக்கும் நேரம் முடிவாகிறது. ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். சில வீடுகளில் காத்திருப்பார்கள், சில வீடுகளில் முடியாது.

கொழும்பைச் சுற்றி வர வேண்டியிருந்த காலத்தில் அந்தத் தம்பி இரவு பஸ் பிடித்து, மறுநாள் கட்டுநாயக்கவில் விமானம் ஏறி வருவதற்குள் ஒன்றரை நாள் ஓடியிருக்கும். பல பேருக்கு முகம் பார்க்கக் கிடைத்ததில்லை. எட்டுச் செலவுக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. வராமலே அங்கிருந்தே அழுதவர்கள் அதைவிட அதிகம்.

பலாலியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 184 கி.மீ. சென்னையிலிருந்து திருச்சிக்கே வான் தூரம் 290 கி.மீ.க்கு மேல்! ஏடிஆர் வேகத்தில் வகுத்தால் 22 நிமிடம். அட்டவணைப்படி சுமார் ஒரு மணி நேரம்.

விசா இருந்தால், அன்றைக்கு விமானம் இருந்தால், இடம் கிடைத்தால் அந்தத் தம்பி அன்று மாலைக்குள் வந்துவிடலாம். இந்த மூன்று ‘இருந்தால்’களும் சாதாரணமானவை இல்லை. ஆனாலும் முன்பு அந்த வாய்ப்பே கிடையாது.

1947-ல் பறந்த ‘சீதா தேவி’

இன்னொரு ஆச்சரியம், இந்தத் தடம் புதியதே அல்ல. பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக அமைக்கப்பட்டது. போர் முடிந்த பிறகு, இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனமான ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10-ம் தேதி தன் முதல் சேவையைத் தொடங்கியது. எங்கிருந்து எங்கே என்று நினைக்கிறீர்கள்? கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்கு! பறந்தது டகோட்டா விமானம். அதன் பெயர் ‘சீதா தேவி’. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே சென்னையும் யாழ்ப்பாணமும் விமானத்தால் இணைந்துவிட்டன.

தரையிலும் கடலிலும் ‘போட் மெயில்’ இருந்தது. எழும்பூரில் ரயில் ஏறி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. 1980-களின் தொடக்கத்தில் வன்முறையும் போரும் வந்தன. கப்பல் நின்றது. அதற்கு முன்பே பலாலியின் வெளிநாட்டு விமானமும் நின்றிருந்தது.

1990-க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. ஊரோடு ஊராக மக்கள் வெளியேறினார்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. 2002 போர்நிறுத்தத்தில் திறந்து, 2006-ல் மறுபடி மூடியது. கொழும்புக்குப் போவதே பெரும்பாடு என்றிருந்த காலம் அது. சென்னை எல்லாம் கனவு.

கடிகாரம்கூட விலகி நின்றது. இன்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நேரம். ஆனால், 1996-ல் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அதே ஆண்டில் அரை மணி நேரம் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்துக்குத் திரும்பியது. நடுவில் அந்தப் பத்து ஆண்டுகள், நேர் தெற்கே இருக்கும் ஊருக்கும் சென்னைக்கும் அரை மணி நேர வித்தியாசம்!

போர் 2009-ல் முடிந்தது. விமானம் வர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 2019 அக்டோபர் 17-ம் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வழக்கமான சேவையைத் தொடங்கியது. ஏறக்குறைய 40 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த விமானம், நாலு மாதத்தில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பர் 12-ம் தேதி மீண்டும் பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30-ம் தேதி திருச்சி - யாழ்ப்பாணம் தொடங்கியது.

கடலிலும் வழி திறந்தது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. தூரம் சுமார் 110 கி.மீ., பயணம் சுமார் நாலு மணி நேரம்.

டிக்கெட் எடுக்கும் முன்...

இந்தத் தடத்தில் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

விமானங்கள் குறைவு. மதுரைக்கு ஒரு விமானம் தவறினால் அடுத்ததைப் பிடிக்கலாம். இங்கே ஒன்று ரத்தானால் அடுத்தது மறுநாளாகவும் இருக்கலாம். அட்டவணையும் சீசனுக்குச் சீசன் மாறும். பழைய தகவலை நம்பாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வாரத்து நேரத்தைப் பாருங்கள்.

சென்னையில் இறங்கி வேறு வெளிநாட்டு விமானம் பிடிப்பவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால் நஷ்டம் உங்களுடையது. தனியாகத்தான் எடுக்க முடியும் என்றால், நடுவே அரை நாள் விடுங்கள். மழைக்காலம் என்றால் ஒரு நாளே விடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சென்னை, யாழ்ப்பாணம் இரண்டையும் ஒரே நேரத்தில் நனைக்கும். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால், பயணத்துக்கு முந்தின நாளே விமான நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

நேரம் எவ்வளவு குறைந்தாலும் இது வெளிநாட்டுப் பயணம்தான். பாஸ்போர்ட்டும் விசா அனுமதியும் கட்டாயம். அவசரம் வந்த பிறகு விண்ணப்பிப்பதைவிட, அங்கே உறவு இருப்பவர்கள் பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். செத்தவீட்டுச் செய்தி நாள் பார்த்து வராது.

சென்னையிலிருந்து போகும்போது வலதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நேர்கோட்டுப் பாதை பெரும்பாலும் கடற்கரையை ஒட்டினாற்போல் கடலின் மேலே தெற்கே போகிறது. வானம் தெளிவாக இருந்தால் புதுச்சேரி, கடலூர், நாகை என்று கரை நீளும் திசை அதுதான். கோடியக்கரையைத் தாண்டினால் எதிரே 55 கி.மீ. கடல்தான். அதற்கு அப்பால் காங்கேசன்துறை.

இன்னும் மிச்சம் இருக்கும் தூரம்

பலாலியின் ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானங்கள் வரும், கட்டணம் குறையும், சேவைகள் கூடும் என்ற எதிர்பார்ப்பு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஓடுபாதையை நீட்ட நிலம் வேண்டும். அந்த நிலம் யாருடையது என்பதுதான் சிக்கல். 1990-ல் வெளியேறிய வலிகாமம் வடக்கு மக்களுக்கு, போருக்குப் பிறகு நிலங்கள் கட்டம் கட்டமாகத் திரும்பக் கிடைத்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017-ல் கிடைத்தது. இன்னும் தங்கள் வீட்டு முற்றத்தை மிதிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம். பலாலியில் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக் காணிக்குத் திரும்ப, சிலருக்கு 30 ஆண்டுகள் கடந்தும் போதவில்லை.

355 கி.மீ. என்ற எண் 1947-லும் அதேதான், 1990-லும் அதேதான், இன்றும் அதேதான். மாறியதெல்லாம் நேரம் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் உங்களுக்குச் சொந்தமோ சிநேகமோ இருந்தால், போய்ப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், மதுரையைவிடப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு நல்ல காரியத்துக்காகவே ஒரு முறை போய் வாருங்கள்.

(அடுத்த வாரம்: துபாய் போக ஒரு நேரம், திரும்பி வர ஒரு நேரம்... தூரம் ஒன்றுதானே, ஏன் அப்படி?)